தண்டால் எடுத்துப் பறந்த வேட்டையாடி

1971-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் பாறைகளில் டக்ளஸ் லாசன் என்ற மாணவர் நீண்ட எலும்பு ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளே வெறும் பொள்ளல்; சுவரோ சில மில்லிமீட்டர்தான். பறக்கும் ஊர்வனவான டெரோசார் ஒன்றின் இறக்கை எலும்பு அது. 1975-இல் லாசன் அதற்குக் குவெட்சால்கோட்லஸ் என்று பெயரிட்டார்.

இறக்கை விரிப்பு 15 மீட்டருக்கும் மேல் என்றுகூட முதலில் கணக்குப் போட்டார்கள். இப்போது 10, 11 மீட்டரில் வந்து நிற்கிறது. எடை 200 முதல் 250 கிலோ. தலைநிமிர்ந்து நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம். இவ்வளவு கனத்தை வைத்துக்கொண்டு தரையிலிருந்து எப்படிக் கிளம்பியது?

பறவைகள் காலால் எம்பித்தான் எழும்புகின்றன. உடல் பெருக்கப் பெருக்கக் காலும் தடிக்க வேண்டும். மேலே போனபின் அந்தக் கால் வெறும் சுமை. நாமறிந்த பறக்கும் பறவைகளில் மிகக் கனமான, அழிந்துபோன அர்ஜென்டாவிஸ்கூட ஏறத்தாழ 70 கிலோதான்.

டெரோசாரோ நான்கு காலில் நடந்தது. இறக்கைச் சவ்வைத் தாங்கும் நீண்ட நான்காம் விரலை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு, மற்ற மூன்று சிறுவிரல்களைத் தரையில் ஊன்றும். கிளம்பும்போது பின்னங்கால்கள் முதலில் உந்தும். உடல் முன்சாயும். அடுத்த கணம், தண்டால் எடுப்பவர் ஒரே வீச்சில் தரையை விட்டு எழும்புவதுபோல, கைகள் உடலை மேலே தூக்கியெறியும். பிறகுதான் இறக்கை விரியும். பறக்க உதவும் அதே தசைதான் எம்பவும் உதவுகிறது; தனியாக ஒரு சுமை இல்லை. 2008-இல் தொல்லுயிர் ஆய்வாளர் மைக்கேல் ஹபீப் முன்வைத்த விளக்கம் இது. இரத்தம் குடிக்கும் வௌவால் இன்றும் தரையிலிருந்து இப்படித்தான் எழும்புகிறது.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. 2021-இல் கெவின் பேடியன் குழுவினர், பின்னங்கால்களாலேயே எம்பியிருக்கும் என்றார்கள். ஆனால் மேற்கை எலும்பின் தடிமனையும் தொடையெலும்பின் மெலிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கென்னவோ ஹபீப் பக்கமே நியாயம் தெரிகிறது.

குவெட்சால்கோட்லஸின் வேட்டை வானில் அல்ல. பல்லில்லாத நீண்ட அலகு, வளையாத கழுத்து, நடைக்கேற்ற சிறிய பாதங்கள். புதைபடிவம் கிடைத்ததும் கடலுக்கு வெகுதொலைவில். நாரையைப்போல நடந்தே இரை கொத்தியிருக்கும். குட்டி டைனோசார்களும் அதில் தப்பியிருக்காது. அதன் உறவான ஹாட்செகோப்டெரிக்ஸ் இன்னும் முரடு: கழுத்து குட்டை, ஆனால் மகா தடிமன். அன்று தீவாக இருந்த ருமேனியாவின் ஹாட்செக் பகுதியில் பெரிய ஊனுண்ணி டைனோசார் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அந்த இடத்தை இதுவே பிடித்திருக்கலாம் என்கிறார்கள்.