ரூட்டர் ஊளையிட்டால் கார்பனைக் குறை சொல்லாதீர்கள்

தேக்குக் கதவு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மரத்தின் விளிம்பையும் பள்ளத்தையும் செதுக்கும் ரூட்டர் இயந்திரத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓர் ஆசாரி எங்கள் பட்டறைக்கு வந்தார். தீப்பொறி பறக்கிறது என்று மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகளை இரண்டு முறை மாற்றிவிட்டாராம், பொறி நின்றபாடில்லை. பிரித்துப் பார்த்தேன். தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போயிருந்தது. மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் தகடுகளில் ஒரு பட்டை மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, எதிரே அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் பீல்டிலும் அதே உரசல். இரண்டு மூன்று மாதமாக ஊளைச் சத்தம் கேட்டதை அவரே ஒப்புக்கொண்டார். "பிட் மழுங்கிவிட்டது என்று நினைத்தேன் தம்பி" என்றார்; பிட் என்பது மரத்தை வெட்டும் முனை. சில நூறு ரூபாய் பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஆர்மேச்சர், பீல்டு என்று நீண்டு, புது இயந்திரத்தின் விலையில் பாதியைத் தொட்டது.

பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். தண்டோடு அதன்மேல் உள்ள செம்பு வளையமான கம்யூடேட்டரும் ஆடும். அதன்மேல் அமர்ந்திருக்கும் கார்பன் துள்ளும். துள்ளும் இடத்தில் பொறி பறக்கும். எத்தனை கார்பன் மாற்றினாலும் இது தீராது.

வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று. ரூட்டர் 10,000 முதல் 30,000 வரை. 22,000 சுற்றில் ஓடும் 25 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் மரத்தைத் தொடுகிறது. அந்த வேகத்தில் தண்டின் ஆட்டம் மரத்தின் விளிம்பில் அலை அலையாகத் தெரியும். அத்தோடு போனால் பரவாயில்லை; பிட்டைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டின் பிடி தளர்ந்து பிட் கழன்றால் நிற்பவர் வயிற்றுக்கு நேரேகூட வரலாம்.

சோதிப்பது எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிட்டை எடுங்கள். கார்பன் இரண்டையும் கழற்றுங்கள், இல்லையென்றால் அவற்றின் உராய்வு உங்களை ஏமாற்றும். பிறகு தண்டை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல் நெருடினாலோ, பக்கவாட்டில் அசைத்தால் 'டக்' என்று இடம் கொடுத்தாலோ பேரிங் போய்விட்டது. இன்னொரு வழி, இயந்திரத்தைப் பிட் இல்லாமல் ஓடவிட்டு சுவிட்சை அணைத்து, ஓட்டம் அடங்கும் அந்தச் சில நொடிகளைக் காதால் கவனிப்பது. மின்சாரத்தின் இரைச்சல் போனபின் மிஞ்சும் உறுமல் பெரும்பாலும் பேரிங்குடையது.

உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரம் என்றால் திறக்காதீர்கள். முடிந்ததென்றால் திறக்கலாம், பொறுமை இருந்தால்.

முதலில் மோட்டாரை, மரத்தின்மேல் அமரும் தளத்திலிருந்து பிரியுங்கள். அழுத்தி இறக்கும் வகை ரூட்டரில் ஸ்பிரிங் துள்ளும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கார்பனைக் கழற்றாமல் ஆர்மேச்சரை உருவக் கூடாது. தொழில் பழகிய முதல் வருடத்தில் நான் அப்படி உருவினேன். இரண்டு கார்பனும் விளிம்பு உடைந்து கையில் வந்தன. மேல் மூடியைத் திறந்ததும் ஒயர்கள் போகும் வழியைக் கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். தவறான இடத்தில் நசுங்கிய ஒயர் பிறகு உங்களுக்கே ஷாக் கொடுக்கும். சில இயந்திரங்களில் மேல் பேரிங்குக்கு அருகே தண்டின் முனையில் சிறு வளையக் காந்தம் இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் அதைப் பார்த்துத்தான் சுற்றை எண்ணுகிறது. அது உடைந்தால் வேகக் கட்டுப்பாடு கெடும்.

கீழ் பேரிங் அலுமினியக் கூட்டில் இறுகி இருக்கும். பேரிங் நழுவாமல் தடுக்கும் சர்க்ளிப் வளையமோ பிடிப்புத் தகடோ இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டு, கூட்டின்மேல் சூடான காற்றைச் சிறிது நேரம் காட்டினால் போதும். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். பேரிங் தானாகவே பிடி விடும். சுத்தியல் தேவைப்படாது.

பழைய பேரிங்கில் பொறித்திருப்பதை எழுத்து விடாமல் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 608 என்றால் உள்துளை 8 மி.மீ., வெளி 22, அகலம் 7. அளவு சரியாக இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார், போதாது. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் விஷயம் இருக்கிறது. இசட்இசட் (ZZ) என்றால் இருபுறமும் தகர மூடி: வேகம் தாங்கும், மாவுபோன்ற மரத்தூளை முழுதாகத் தடுக்காது. டிடியு (DDU), எல்எல்யு (LLU) என்றால் உள்வளையத்தை உரசும் ரப்பர் மூடி: தூளைத் தடுக்கும், ஆனால் அந்த உரசலால் வேக வரம்பு குறைவு. விவி (VV), எல்எல்பி (LLB) என்பவை உரசாத ரப்பர் மூடிகள். ரூட்டரைச் செய்தவர் இவற்றில் ஒன்றை யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். சி3 (C3) என்று இருந்தால் அதுவும் வேண்டும். சூட்டில் வளையங்கள் விரிவதற்கு உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங் அது. பாதி விலைக்குக் கிடைக்கும் பெட்டிகளை நான் தொடுவதில்லை, அவற்றில் போலி அதிகம்.

புதுப் பேரிங்குகளில் பலவற்றைக் கொல்வது மரத்தூள் அல்ல, மாட்டுகிற கை. தண்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் தட்டினால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகவே உள்வளையத்துக்குப் போகிறது. ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுகின்றன. இரண்டே வாரத்தில் ஊளை திரும்பி வரும், பழி கடைக்காரர்மேல் விழும். தண்டில் ஏற்றினால் உள்வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். கூட்டில் இறக்கினால் வெளிவளையத்தை மட்டும். சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டும் வைஸும் போதும்.

பேரிங் அமரும் இடத்தையும் பாருங்கள். கூட்டின் உள்சுவர் கண்ணாடிபோல் மின்னினால் பழைய பேரிங்கின் வெளிவளையமே அங்கே சுழன்றிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து இறுக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிடி நீடிப்பதில்லை; பேரிங்கும் கோணலாக உட்காரும். இளக்கம் சிறிதென்றால் பேரிங்கைக் கூட்டோடு ஒட்டிப் பிடிக்கும் பசை போதும், பெரிதென்றால் கூட்டையே மாற்ற வேண்டும்.

பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயுளுக்கும் என்று அடைத்த கிரீஸ் அதில் கரைந்து போய்விடும். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் 'விர்ர்' என்று சுழலவிட்டுப் பார்ப்பது அதைவிட மோசம். அந்த வேகத்தில் அது சிதறக்கூடும். தினமும் மாலையில் ரூட்டரை ஊதிச் சுத்தம் செய்யும்போதும் காற்றைப் பேரிங்கை நோக்கிப் பிடிக்காதீர்கள், தூள் உள்ளேதான் போகும்.

பூட்டி முடித்தபின், மின்சாரம் கொடுப்பதற்கு முன் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கார்பனின் உராய்வு தவிர வேறு எதுவும் தட்டக் கூடாது. பிறகு பிட் இல்லாமல், கோலெட் நட்டையும் கழற்றி வைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அணைத்துப் பிளக்கைப் பிடுங்கியபின், கீழ் பேரிங் இருக்கும் கழுத்தில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை பொறுக்காத சூடு என்றால் பெரும்பாலும் பேரிங் கோணலாக இறங்கியிருக்கிறது, மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.