விழப்போற பல்லுன்னு நீங்க விட்டது, விழவே விழாத பல்லு

போன வாரம் எங்க பல் கிளினிக்குக்கு ஒரே நாள்ல அடுத்தடுத்து ரெண்டு பேர் வந்தாங்க. அன்னிக்கு ராத்திரியே இதை எழுத உக்காந்துட்டேன். இது முதல் தடவை இல்ல, இந்த மாசத்துல இது எத்தனாவதுன்னு எண்ணுறதையும் நிறுத்திட்டேன்.

முதல்ல வந்தது 9 வயசுப் பையன். கீழ்த்தாடை வலது பக்கம் வீங்கிப்போய், ராத்திரி பூரா தூங்காம, அம்மா மேல சாஞ்சுக்கிட்டே உள்ள வந்தான். வாயைத் தொறந்தா கடைசிக் கடைவாய்ப் பல்லுல பாதியக் காணோம், நடுவுல கருகருன்னு ஒரு குழி, பக்கத்து ஈறுல சின்னதா ஒரு கொப்புளம், லேசா அமுக்குனதும் சீழ் வருது. எத்தனை நாளா இப்படி இருக்குன்னு கேட்டேன். "சொத்தை ஒரு வருஷமாவே இருக்கு டாக்டர், பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்னு விட்டுட்டோம்."

அது பால் பல்லு இல்லைங்க. 60 வயசு, 70 வயசு வரைக்கும் அவன் மெல்ல வேண்டிய பல்லு.

அவங்க வெளிய எக்ஸ்ரேக்குக் காத்திருந்த நேரத்துல அடுத்த அம்மா, 8 வயசுப் பொண்ணோட. சொத்தை ஒண்ணு கூட இல்ல, ஈறு சுத்தம், பாக்கவே சந்தோஷமா இருந்துச்சு. மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு இடைவெளி, அவ்வளவுதான். "உடனே கிளிப் போட்டுடுங்க டாக்டர், இப்பவே விட்டா அப்புறம் சேராதாம்." யாரு சொன்னாங்கன்னு கேட்டா பதில் இல்ல. ஒருத்தர் ஓடி வந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்காரு, இன்னொருத்தர் நிதானமா காத்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ஓடி வர்றாரு. எங்க கிளினிக்ல தினமும் இதேதான் நடக்குது.

முதல்ல அந்த பால் பல்லு கதையை முடிச்சிடுறேன், ஏன்னா எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது அதுலதான்.

பால் பல்லு மொத்தம் 20. மேல 10, கீழ 10. அதாவது நடுக்கோட்டுலேர்ந்து ஒரு பக்கமா எண்ணினா அஞ்சே அஞ்சு. இப்ப உங்க பிள்ளையை வெளிச்சத்துல உக்கார வச்சு வாயைத் தொறக்கச் சொல்லுங்க. நடுவுலேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பின்னாடி எண்ணிக்கிட்டே போங்க. ஆறாவதா ஒரு பல்லு இருந்தா அது நிரந்தரப் பல்லு. (இடையில எதாவது விழுந்திருந்தா அந்த ஓட்டையையும் சேர்த்து எண்ணணும், இதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் தப்பா எண்ணுறாங்க.) ஆறு வயசு வாக்குல முளைக்கிற ஆறாவது பல்லு, இதுக்கு மேல ஞாபகம் வச்சுக்க வேண்டியது எதுவும் இல்ல. இது முளைக்க எந்தப் பல்லும் விழாது. ரத்தம் வராது, பல்லு ஆடுதுன்னு பிள்ளை வந்து காட்டாது. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி சத்தமே இல்லாம வந்து உக்காந்துக்கும். அதனாலதான் பெத்தவங்க யாருக்கும் தெரியறதில்ல. போதாக்குறைக்கு அதோட மேல்பகுதியில ஆழமான பள்ளங்கள், முளைக்கிறப்ப பாதி ஈறுக்கு அடியில, பிரஷ்ஷும் அங்க எட்டாது. சொத்தை முதல்ல பிடிக்கிறதும் அங்கதான்.

அந்தப் பையனோட எக்ஸ்ரேயில வேர் நுனி இன்னும் முழுசா மூடல. 9 வயசுல அப்படித்தான் இருக்கும். பெரியவங்களுக்குப் பண்ற மாதிரி ரெண்டு மூணு தடவையில ரூட் கேனால் (வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைக்கிறது) முடிச்சு கேப் போட்டு அனுப்பிட முடியாது, வேலை இழுக்கும். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா சின்ன ஃபில்லிங், அரை மணி நேரம். அதுக்கும் முன்னாடின்னா பள்ளத்தை அடைக்கிற சீலன்ட் போட்டிருக்கலாம், ஊசி கூட வேண்டாம்.

சரி, நிஜமாவே பால் பல்லாவே இருக்கட்டும். அப்பவும் விடக்கூடாது. முன்பல்லு 6, 7 வயசுல விழுதுன்னு எல்லாப் பல்லும் அப்பவே விழுந்திடும்னு நினைக்கிறாங்க. பால் கடைவாய்ப் பல்லு 10லேர்ந்து 12 வயசு வரைக்கும் இருக்கணும். 5 வயசுப் பிள்ளைக்கு இன்னும் அஞ்சாறு வருஷம் சாப்பிட வேண்டிய பல்லைத்தான் "எப்படியும் விழப்போறது, புடுங்கிடுங்க"ன்னு சொல்றாங்க. புடுங்கிடலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அந்தப் பல்லு பிற்காலத்துல அங்க முளைக்கப் போற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கு. அதை எடுத்ததும் பின்னாடி இருக்கிற பெரிய பல்லு மெதுவா முன்னாடி சாஞ்சு அந்த இடத்துல ஏறி உக்காந்துக்கும், அப்புறம் 11 வயசுல வரவேண்டிய பல்லு வழி கிடைக்காம கோணலா வெளிய வரும், இல்லன்னா உள்ளேயே மாட்டிக்கும், அப்ப என்கிட்டயே வந்து "பரம்பரையில யாருக்கும் தெத்துப்பல்லு இல்லையே டாக்டர்"னு கேப்பாங்க. எடுத்தே ஆகணும்ங்கிற நிலைமைன்னா அந்த இடம் மூடிடாம காத்து வைக்கிற ஸ்பேஸ் மெயின்டெய்னர் தேவையான்னு கேளுங்க. சின்ன வளையமும் கம்பியும்தான்.

பால் பல்லுக்கு அடியில சீழ் கட்டினா கீழ உருவாகிட்டு இருக்கிற நிரந்தரப் பல்லோட எனாமலும் (பல்லோட கெட்டியான மேல் படலம்) கெடலாம், முளைக்கும்போதே மஞ்சளா, பழுப்பா திட்டோட வரும்.

"பால் பல்லுக்கு ரூட் கேனாலா? காசு பறிக்கிறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். சந்தேகப்படுறது தப்பே இல்ல. இன்னும் சில மாசத்துல தானா விழப்போற, ஏற்கனவே ஆடுற பல்லுக்கு ரூட் கேனால், கேப்னு யாராவது சொன்னா கண்டிப்பா கேள்வி கேளுங்க. எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லுங்க. அடியில புதுப் பல்லு எவ்வளவு வளந்திருக்கு, பால் பல்லோட வேர் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு அதுலயே தெரியும். ஆனா 5 வயசுல, வேர் முழுசா இருக்கிற கடைவாய்ப் பல்லுக்கு அதே சிகிச்சை சொன்னா அதுல நியாயம் இருக்கு. சின்ன சொத்தைன்னா சில்வர் டயமைன் ஃப்ளூரைடுன்னு ஒரு மருந்து தடவி அங்கேயே நிறுத்தவும் வழி இருக்கு, சொத்தை இருந்த இடம் கருப்பாயிடும், அதுக்கு சம்மதமான்னு மட்டும் யோசிச்சுக்கோங்க.

அப்புறம் இந்த மாத்திரை விஷயம். ஆன்டிபயாடிக் குடுத்தா ரெண்டு நாள்ல வீக்கம் வடியும், வலி போயிடும், ஆளும் காணாமப் போயிடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே பல்லு, டபுள் வீக்கம். மாத்திரை சொத்தையை மூடாதுங்க! வீக்கம் கண்ணு பக்கம் ஏறினாலோ தாடைக்கு அடியில பரவினாலோ, காய்ச்சலோ, வாயைத் தொறக்கவோ முழுங்கவோ முடியலைன்னாலோ மறுநாள் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பாக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரி.

இப்ப கிளிப்.

அந்த 8 வயசுப் பொண்ணோட இடைவெளிக்கு நான் ஒண்ணுமே பண்ணல. அந்த வயசுல மேல் முன்பல்லு விசிறி மாதிரி விரிஞ்சு நிக்கிறது சகஜம். மேல எலும்புக்குள்ள இறங்கிட்டு இருக்கிற கோரைப்பல்லு பக்கத்துப் பல்லோட வேரை அமுக்கிட்டு இருக்கும், 11, 12 வயசுல அது வெளிய வரும்போது சின்ன இடைவெளி பெரும்பாலும் தானா மூடிக்கும். ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருந்தா நடுவுல கூடுதலா ஒரு பல்லு ஒளிஞ்சிருக்கான்னு எக்ஸ்ரே பாப்போம். இல்லன்னா காத்திருக்கணும். அந்த அம்மாவுக்கு இது ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, வேற டாக்டர்கிட்ட போயிருப்பாங்கன்னு நினைக்கிறேன், போகட்டும். கீழ் முன்பல்லு பால் பல்லுக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசையா முளைக்குதுன்னு பதறி வர்றதும் இதே ரகம்தான். பால் பல்லு ஆடிட்டிருந்தா விழுந்திடும், நாக்கே புதுசை முன்னாடி தள்ளிடும். ஆடவே இல்லன்னா மட்டும் காட்டுங்க.

அப்ப 12 வயசு வரைக்கும் யாரும் வரவே வேண்டாமான்னா, அதுவும் இல்ல. 7 வயசுல ஒரு தடவை ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசையைச் சீராக்குற டாக்டர்) பாத்துடணும்னு அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட்கள் சங்கமே சொல்லுது. 7 வயசுல *பாக்கத்தான்* சொல்றாங்க, கிளிப் போடச் சொல்லல. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு பால் பல்லு எல்லாம் விழுந்து முடிகிற 11லேர்ந்து 13 வயசுதான் கிளிப்புக்குத் தோதான நேரம். ஆனா சிலது காத்திருக்காது. கடிக்கும்போது கீழ்ப்பல்லு மேல்பல்லுக்கு முன்னாடி நிக்குதா, தாடை ஒரு பக்கமா நழுவிப் போய்க் கடிக்குதா, 4 வயசு தாண்டியும் விரல் சூப்புற பழக்கம் விடலையா, வாயைத் தொறந்தே தூங்கி குறட்டை விடுதா (இதுக்கு காது மூக்கு தொண்டை டாக்டரையும் பாக்கணும்), முன்பல்லு ஒரு பக்கம் வந்து ஆறு மாசமாகியும் மறுபக்கம் வரலையா, இதுல எது இருந்தாலும் உடனே காட்டுங்க. மேல் முன்பல்லு ரொம்பத் தூக்கலா இருக்கிற பிள்ளை விழுந்தா முதல்ல உடையறது அந்தப் பல்லுதான், அதையும் சீக்கிரமே காட்டிடுங்க. 10 வயசுல மேல் கோரைப்பல்லு வரவேண்டிய இடத்துல ஈறை விரலால தடவினா ஒரு மேடு தட்டுப்படணும். தட்டுப்படலைன்னா அது அண்ணத்துப் பக்கமா திரும்பியிருக்கலாம், அந்த வயசுல கண்டுபிடிச்சா சில நேரம் பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே போதும், அது நேராகி வந்திடும்.

கீழ்த்தாடை சின்னதா பின்னாடி இருக்கிற பிள்ளைங்களுக்கு வளர்ச்சி வேகமா இருக்கிற சமயத்துல, பொண்ணுங்களுக்கு ஏறக்குறைய 10 - 12, பசங்களுக்கு 12 - 14, மாட்டிக் கழட்டுற சாதனம் ஒண்ணு குடுப்போம். "பரீட்சை முடியட்டும் டாக்டர்"னு தள்ளிப் போட்டு 18 வயசுல வந்து நின்னா, வளர்ச்சி முடிஞ்சிருக்கும், அப்புறம் பல்லை எடுத்து சமாளிக்கலாம், இல்ல தாடை ஆபரேஷன். பரீட்சை அடுத்த வருஷமும் வரும், தாடை வளர்ற வயசு வராது.

கிளிப் போட்டா ஒழுங்கா பிரஷ் பண்ணணும், இல்லன்னா கழட்டுறப்ப பல்லு நேரா இருக்கும், கம்பியைச் சுத்தி வெள்ளை வெள்ளையா தழும்பு இருக்கும். கிளிப்பைக் கழட்டுனதும் பல்லு நகராம இருக்கக் குடுக்கிற ரிட்டெய்னரை டப்பாவுல போட்டு வச்சுட்டு "பல்லு திரும்பக் கோணிடுச்சு"ன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.

மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், செய்யறதில்ல, அவ்வளவுதான். முதல் பிறந்தநாளுக்குள்ள ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. 7, 8 வயசு வரைக்கும் ராத்திரி பிரஷ்ஷை நீங்க பிடிங்க, "அவனே தேச்சுக்குவான்"னு பெருமையா சொல்லாதீங்க. ஃப்ளூரைடு பேஸ்ட் 3 வயசுக்குள்ள அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு, துப்புனா போதும், கொப்பளிக்க வேண்டாம். பால் பாட்டிலை வாயில வச்சபடி தூங்க வைக்காதீங்க. ஒரே ஒரு கெஞ்சல், "சேட்டை பண்ணினா டாக்டர் ஊசி போடுவாரு"ன்னு பயமுறுத்தாதீங்க. அந்தப் பயத்தை எடுக்கவே எனக்கு ரெண்டு அப்பாயின்ட்மென்ட் ஆகுது.

அந்தப் பையன் கிளம்புறப்ப அவன் தங்கச்சி, 6 வயசு, சேர்ல ஏறணும்னு அடம் பிடிச்சா. ஏத்தி உக்கார வச்சேன். லைட்டைத் திருப்பி, கன்னத்தைக் கண்ணாடியால ஒதுக்கினா, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி ஈறைக் கிழிச்சுக்கிட்டு வெள்ளையா ரெண்டு முனை. அம்மாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு நிறுத்திட்டாங்க.

"இது எப்ப டாக்டர் முளைச்சது?"