சிலிண்டர் வால்வுக்குக் கவசம்: அடியும் தாங்க வேண்டும், கையும் நுழைய வேண்டும்

வெல்டிங் பட்டறைகளில் பார்க்கும், 7 கன மீட்டர் வாயுவை அழுத்தி அடைக்கும் ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் தடித்த உருக்கு. எளிதில் எதுவும் ஆகாது. உச்சியில் துருத்திக்கொண்டிருக்கும் பித்தளை வால்வுதான் பலவீனமான இடம். உள்ளே சுமார் 150 பார் அழுத்தம். வால்வு கழுத்திலிருந்து பிய்ந்து 25 மி.மீ. துளை திறந்துகொண்டால், அந்தப் பரப்பின் மீதான விசை மட்டும் ஏறக்குறைய 750 கிலோ எடைக்குச் சமம். மரைப் பகுதி கழுத்திலேயே நின்று, நடுவிலுள்ள 8 மி.மீ. துளை மட்டும் திறந்தாலும் 77 கிலோ. காலி சிலிண்டரின் எடை 60 கிலோ அளவுதான். ஆகவே படுத்துக் கிடக்கும் சிலிண்டர் சீறிக்கொண்டு ஓடிவிடும்.

வால்வு ஒடிய லாரியிலிருந்து விழ வேண்டியதில்லை. நிற்கும் சிலிண்டர் சாய்ந்தாலே போதும். ஒன்றரை மீட்டர் உயரச் சிலிண்டர் அடியை ஊன்றியபடி சாயும்போது, அதன் தலை நொடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழும் பொருளின் வேகம் இது.

பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்று, சிலிண்டர் கழுத்தைச் சுற்றிப் பொருத்தியிருக்கும் கழுத்து வளையத்தின் மரையில் திருகும் மணி வடிவ மூடி. மற்றொன்று, எப்போதும் சிலிண்டரிலேயே இருக்கும் திறந்த கவசம். வீட்டு எரிவாயு சிலிண்டரில் வால்வைச் சுற்றியிருக்கும் வளையம் இந்த இனம். மூடி வலுவானதுதான். ஆனால் ரெகுலேட்டர் மாட்டும்போது அதைக் கழற்றியாக வேண்டும்; சிலிண்டர் வேலையில் இருக்கும் நேரம் முழுவதும் வால்வு அம்மணமாக நிற்கிறது. புதிதாக வடிவமைப்பவர்கள் நிலையான கவசத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கவசத்தின் வேலை அடியை வால்வுக்குப் போகவிடாமல் கழுத்து வளையத்துக்கும் தோள்பகுதிக்கும் திருப்பிவிடுவது. ஐஎஸ்ஓ 11117 தர வரையறையின் விழுத்தல் சோதனை 1.2 மீட்டர் உயரத்திலிருந்து. 60 கிலோ சிலிண்டருக்கு அது சுமார் 700 ஜூல். அந்த ஆற்றல் முழுவதையும் கவசமே வாங்குவதாகக் கொள்வோம். 5 மி.மீ. மட்டும் நசுங்கும் விறைப்பான கவசத்தில் சராசரி விசை 14 டன்னைத் தாண்டும், 20 மி.மீ. நசுங்க விட்டால் மூன்றரை டன். நசுங்குவது நல்லதுதான், ஆனால் நசுங்கிய பிறகும் உட்சுவர் வால்வைத் தொடக் கூடாது. 20 மி.மீ. நசுங்கும் கவசத்துக்குள் 25 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். அளவைச் சுருக்க நினைப்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். இடைவெளியைக் குறைப்பதைவிட, வால்வையே குட்டையாக்கி உள்ளே தாழ்த்துவதுதான் சரியான வழி. வால்வின் உயரம் குறைந்தால் ஒடிக்கும் நெம்புவிசையும் கூடவே குறைகிறது.

அடுத்தது கை. கையுறை போட்ட விரல்கள் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்க எல்லாப் பக்கமும் 25 மி.மீ. விட வேண்டும். நம் ஊர் ஆக்சிஜன் சிலிண்டர்கள் பலவற்றில் கைச்சக்கரமே கிடையாது, சாவி போட்டுத்தான் திறக்கிறோம். அவற்றுக்கு மேல்பக்கம் நேராகத் திறந்திருக்க வேண்டும், சாவியின் கை முழுச்சுற்று சுற்றவும் வேண்டும். ரெகுலேட்டர் நட்டை முடுக்கக் கவசத்தின் பக்கவாட்டில் விடும் திறப்பில், அதாவது ஜன்னலில்தான், அதிகம் தப்பு நடக்கிறது. அறுகோண நட்டில் ஸ்பானரைக் கழற்றி மறுபடி மாட்ட 60 பாகை சுழல வேண்டும். வாய் 15 பாகை சாய்ந்த ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் போட்டால் 30 பாகை போதும். அதற்கும் குறைவான ஜன்னல் வைத்தால், நட்டு பாதி முடுக்கிய நிலையிலேயே நின்று வாயு கசியும். இல்லையென்றால் பட்டறைக்காரர் கவசத்தையே அறுத்துவிடுவார். தூக்கும் பிடி சேர்த்தால் உள்ளகலம் 115 மி.மீ., தடிமன் 30 முதல் 40 மி.மீ., விளிம்பு உருண்டையாக இருக்கட்டும். அந்தப் பிடி கைக்கு மட்டும். கிரேன் கொக்கி மாட்ட அல்ல.

மூடி வகையில் காற்றுத்துளை கட்டாயம். கசிந்த வாயு உள்ளே தேங்கினால் மூடியைக் கழற்றும்போதே ஆபத்து. துளைகள் நேரெதிராக இரண்டு இருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் வாயு பீறிட்டால் சிலிண்டரை அது தள்ளும். துருப்பிடித்து இறுகிய மூடியைத் திறக்க இந்தத் துளையில் கம்பியை விட்டு நெம்புவது பல இடங்களில் வழக்கம். கம்பியின் முனை உள்ளே வால்வில் மாட்டி அதைத் திறந்துவிடலாம், கைச்சக்கரத்தை உடைக்கலாம். மூடியைச் சுற்றிப் பட்டையால் இறுக்கிப் பிடிக்கும் பட்டை ஸ்பானரால் வெளியிலிருந்து திருக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் சிலிண்டரை நிரப்பும் நிலையத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் கவசம் இலகுவானது. ஆனால் வெயிலில் கிடந்து வெளிறி நொறுங்காதிருக்க, கரிப்பொடி 2 சதவீதம் அளவில் கலக்க வேண்டும். உள்மூலைகளை உருட்டி, அந்த வளைவின் ஆரம் சுவர்த் தடிமனில் பாதியாவது இருக்குமாறு விட வேண்டும், கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். வார்ப்பில் உருகிய பிளாஸ்டிக்கின் இரு ஓட்டங்கள் சந்திக்கும் கோடு தரையில் மோதும் விளிம்பில் விழாதபடி, பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வார்ப்பு வாயை இடம் மாற்ற வேண்டும். அச்சிலிருந்து எளிதாக வர எண்ணெய் தடவியிருந்தால், ஆக்சிஜன் சிலிண்டரில் பொருத்தும் முன் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய்ப் பிசுக்கு தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும்.

பயன்பாட்டில் இருப்பவற்றில் முதலில் பார்க்க வேண்டியது கழுத்து வளையத்தை. கவசத்தைக் கையால் திருகும்போது வளையமும் சேர்ந்து சுற்றினால், கவசம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்தச் சிலிண்டரைத் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும்.