கூடையில் போட்டால்தான் தெரியும் விலை

அமெரிக்காவின் ஆன்லைன் சைக்கிள் கடைகளில் சில உதிரிபாகங்களுக்கு விலையே போட்டிருக்காது. ‘விலையை அறியக் கூடையில் சேர்க்கவும்’ என்று மட்டும் இருக்கும். சேர்த்த பிறகே தள்ளுபடி விலை தெரியும். இந்த ஒளிவுமறைவுக்குக் காரணம் கடைக்காரர் அல்ல, தயாரிப்பாளர் விதிக்கும் ‘குறைந்தபட்ச விளம்பர விலை’. கடைக்காரர் எந்த விலைக்கும் விற்றுக்கொள்ளலாம். குறிப்பிட்ட தொகைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் சரக்கு வருவது நின்றுவிடும்.

இதற்கு இடம் தந்தது அமெரிக்கச் சட்டத்தின் ஒரு நுணுக்கம். சில்லறை விலையைக் கடைக்காரருடன் ஒப்பந்தம் போட்டு நிர்ணயிப்பதை 1911இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. ஆனால் ‘என் கொள்கை இது, பின்பற்றாதவருக்கு விற்க மாட்டேன்’ என்று தயாரிப்பாளர் தன்னிச்சையாக அறிவிக்கலாம் என்று 1919இல் அதே நீதிமன்றம் கூறியது. 2007இல், விலை ஒப்பந்தங்களையும் ஒவ்வொரு வழக்காக எடைபோட வேண்டும் என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

சரக்கை மொத்த விலைக்கு விற்றுப் பணத்தையும் வாங்கிவிட்ட தயாரிப்பாளருக்கு, அதற்குப் பிறகு கடை விலையில் என்ன அக்கறை? பொருளியலாளர் லெஸ்டர் டெல்சர் 1960இல் தந்த விளக்கம் இன்றும் பேசப்படுகிறது. வாடிக்கையாளர் கடைக்கு வந்து எந்த அளவு சட்டகம் தனக்குப் பொருந்தும் என்று ஏறிப் பார்க்கிறார், மெக்கானிக்கிடம் சந்தேகம் கேட்கிறார். பிறகு வீட்டுக்குப் போய் மலிவான இணையதளத்தில் வாங்குகிறார். வாடகையும் சம்பளமும் ஒருவர் தலையில், விற்பனை இன்னொருவர் கையில். இப்படியே போனால் அந்தக் கடை அந்தப் பிராண்டையே வைக்காது. முழு சைக்கிளுக்கு இது நியாயமான வாதம். செயினையும் டியூபையும் ஏறிப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. அங்கே இந்த விதி வாங்குபவரின் பையைத்தான் கடிக்கிறது என்பேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தயாரிப்பாளர் கடைக்காரருக்குச் சில்லறை விலையை நிர்ணயிப்பது கடுமையான விதிமீறல். 2018இல் நான்கு மின்னணு நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் மொத்தம் 11 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. அப்போது ஆணையம் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் முக்கியமானது: ஆன்லைன் கடைகள் பல, போட்டியாளரின் விலையை மென்பொருள் மூலம் கண்காணித்துத் தானாகவே அதற்கு ஈடாக மாற்றிக்கொள்கின்றன. ஆகவே மிக மலிவாக விற்கும் ஒருவரை மிரட்டி விலையை உயர்த்தவைத்தால் போதும், மற்றவர்களின் விலையும் கூடவே ஏறும்.

இந்தப் பின்னணியில்தான் வட அயர்லாந்தின் செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தைச் சேர்ந்த விக்கிளும் ஆகிய ஆன்லைன் சைக்கிள் கடைகள் அமெரிக்க டீலர்களுக்குத் தலைவலியாயின. ஜப்பானின் ஷிமானோ தயாரித்த கியரை அவை அமெரிக்கருக்கு உள்ளூர்க் கடையைவிட மலிவாக அனுப்பின. ஏற்றுமதிக்கு பிரிட்டனின் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அங்கே 120 பவுண்டுக்கு விற்பது வெளிநாட்டவருக்கு 100 பவுண்டு. சுங்க வரியில்லாமல் தருவிக்கும் வரம்பை அமெரிக்கா 2016இல் 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தியது. ஒரு முழு கியர் தொகுப்பே பல நேரம் அதற்குள் அடங்கிவிடும். மலிவில் கணிசமான பகுதி எல்லைகளுக்கிடையே இருந்த வரி வித்தியாசம்தான்.

ஷிமானோ 2018இல் கண்ட தீர்வு விலையைத் தொடவில்லை, எல்லையைத் தொட்டது: அந்தக் கடைகள் தன் பொருட்களை வட அமெரிக்காவுக்கு அனுப்புவது நின்றது. 2016இலேயே ஒன்றாக இணைந்திருந்த அவ்விரு நிறுவனங்களும், ஜெர்மானியத் தாய் நிறுவனத்துக்கு வரவேண்டிய நிதி நின்றுபோனதால் 2023 அக்டோபரில் நொடித்தன. 800 டாலர் சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது.