ரைட்டிங் புக் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு முக்கோணம் போடச் சொல்லிப் பாருங்க

சேலத்துல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டா இருக்கேன், எழுதறது மாதிரி அன்றாட வேலைகளுக்குக் குழந்தைகளைப் பழக்கறது என் வேலை. ஏற்காட்ல காப்பித் தோட்டத்துல இருக்கற ஒரு அம்மா, பையனை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே சொல்லித் தர்றவங்க, 20 ஹேர்பின் பெண்டும் எறங்கி வந்து என் டேபிள்ல மூணு ரைட்டிங் புக்கைப் பரப்பிட்டாங்க. "இதுல எது பெஸ்ட்டுனு மட்டும் சொல்லுங்க மேடம், அதையே ஃபாலோ பண்ணிக்கறேன்." பையனுக்கு நாலே கால் வயசு.

நான் புக்கைத் தொடல, வெள்ளைப் பேப்பரை எடுத்து வெச்சு "இதைப் பாத்து இதே மாதிரி போடு சாமி"ன்னு ஒவ்வொண்ணா வரைஞ்சு காட்டினேன். வட்டம் வந்துச்சு, கூட்டல் குறி வந்துச்சு, சதுரம் இட்லி மாதிரி ஆயிடுச்சு, முக்கோணத்தைப் பாத்துட்டு பென்சிலைக் கீழ வெச்சுட்டான். அவன்கிட்ட ஒரு குறையும் இல்லைங்க. வட்டம் சுமார் 3 வயசுல, கூட்டல் குறி 4ல, சதுரம் நாலரைல, பெருக்கல் குறி கிட்டத்தட்ட 5ல, முக்கோணம் 5 தாண்டித்தான் பொதுவா வரும். சாய்கோடே வராத கைகிட்ட K, X எழுதுன்னா அது எங்க போகும்?

அப்புறம் அவங்க கொண்டு வந்ததுல ஒரு புக்ல புள்ளி மேல எழுதச் சொன்னேன், பாக்க அழகா இருந்துச்சு, ஆனா கை போற வழியைப் பாத்தா O-வை அடியில இருந்து ஆரம்பிச்சு வலது பக்கமா மேல ஏத்தறான், a-வுல வட்டம் தனியா கோடு தனியா. புள்ளியை எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. டிரேசிங் பக்கத்துல இதான் பிரச்சினை, முடிச்ச பக்கத்தைப் பாத்து நாம ஸ்டார் போட்டுடறோம், எங்க ஆரம்பிச்சான்னு யாரும் பாக்கறதில்ல (என் பொண்ணுக்கு நானே அப்படித்தான் ஸ்டார் போட்டேன், தெரபிஸ்டா இருந்துட்டு).

அதனால புக்ல நான் பாக்கறது, எழுத்து எங்க தொடங்கணும்னு காட்டுதா, c, o, a, d மாதிரி ஒரே கை அசைவு உள்ளதைச் சேத்துச் சொல்லித் தருதா, பக்கம் பூரா புள்ளியா இல்லாம பாத்து எழுத எடம் விடுதா. ஹேண்ட்ரைட்டிங் வித்அவுட் டியர்ஸ்ங்கற அமெரிக்க எழுத்துப் பயிற்சி முறைல மரத்துண்டு வெச்சு கேப்பிடல் எழுத்துல ஆரம்பிப்பாங்க, எழுதற வரிக்கும் ரெண்டே கோடு, சின்னப் பசங்களுக்கு நல்லாருக்கும். நாலு கோடு நோட்டும் கர்சிவும் இப்ப வேண்டாம். இடது கைன்னா பேப்பரோட வலது பக்கம் கொஞ்சம் கீழ சரியட்டும், கையை மட்டும் மாத்தாதீங்க.

இந்த மாதிரி இங்கிலீஷ் புக்ல தமிழ் இருக்காது, அதுக்கு நாமதான் வழி பண்ணணும். அ-வுலயே ஆரம்பிக்கணும்னு பிடிவாதம் வேண்டாங்க, சுழியும் வளைவும் எல்லாம் அந்த ஒரு எழுத்துலயே இருக்கு. ட-வுக்கு மேல இருந்து ஒரு கோடு, படுக்க ஒரு கோடு, முடிஞ்சுது. அங்கிருந்து ப, அப்புறம் ம. நம்ம ஊர்ல ஜவ்வரிசிக்குப் பஞ்சமா, தட்டுல பரப்பி விரலால எழுத விடுங்க. பாட்டி கோலம் போடும்போது புள்ளி வைக்கற வேலையைக் குழந்தைக்குக் குடுங்க, காப்பிப் பழத்தை ரெண்டு விரலால பிதுக்கிக் கொட்டை எடுக்கச் சொல்லுங்க. பென்சில் பிடிக்க அதே விரல்தான வேணும். தினம் 10 நிமிஷம் போதும்.

போன வாரம் அந்தம்மா போன் பண்ணாங்க, பனி பிடிச்ச ஜன்னல் கண்ணாடி பூரா ட-வாம். மூணுல ரெண்டு புக்கை இன்னும் பிரிக்கவே இல்லையாம்.