மார்க்கப் டூல் செட்: தமிழில் எப்படிச் சொல்வது?

கட்டுமான வரைபடங்களைப் பிடிஎஃப்பில் பார்த்துத் திருத்துபவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல் 'மார்க்கப்'. வரைபடத்தின் மேல் நாம் இடும் மேகக் கோடு (ஓர் இடத்தைச் சுற்றி மேகம்போல் வளைத்துப் போடும் கோடு), அம்பு, அளவு, எழுத்து, எண்ணிக்கைப் புள்ளி எல்லாம் இதில் அடக்கம். அடியில் உள்ள வரைபடம் அப்படியே இருக்கும். வேண்டாத குறியை மட்டும் அழித்துவிடலாம்.

சொல் அச்சகத்திலிருந்து வந்தது. எந்த எழுத்துரு, என்ன அளவு, எங்கே பத்தி என்று எழுத்துக் கோப்பவருக்காகக் கையெழுத்துப் பிரதியில் இட்ட குறிகளுக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் இந்தப் பெயர். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் வரும் 'எம்' இதுவே. தாள் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் திருத்துவதற்கும், அதையே திரையில் செய்வதற்கும் கட்டுமானக்காரர்கள் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மதிப்பீட்டுப் பிரிவில் 'மார்க்கப்' என்றால் அடக்கவிலை மேல் சேர்க்கும் லாபம். ஒரே அலுவலகத்தில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்!

தமிழில் 'குறிப்பு' என்றால் எழுத்து மட்டுமே நினைவுக்கு வரும். 'திருத்தம்' என்றால் எண்ணுவதும் அளப்பதும் விடுபட்டுப் போகும். 'குறியீடு' என்பதை வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும் கதவு, விளக்கு அடையாளங்களுக்கு விட்டுவிடுவது நல்லது. மேலே நாம் இடுவதற்குக் 'குறியிடல்' பொருந்தும்.

சரி, 'டூல் செட்'? புளூபீம் ரெவ்யூ மென்பொருளில் 'டூல் செஸ்ட்' என்ற பலகம் உண்டு. கருவிப்பெட்டி என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்குள் இருப்பவை டூல் செட்டுகள். 'கருவித் தொகுப்பு' தவறில்லை. ஆனாலும் அங்கே சேமிக்கப்படுவது நிறம், கோட்டுத் தடிமன், பெயர் எல்லாம் ஏற்கெனவே அமைந்த குறி. அதனால் 'குறியிடல் தொகுப்பு' என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

வரைபடத்தில் மின்சாக்கெட்டுகளை எண்ணும் வேலையைப் பாருங்கள். ஒருவர் சிவப்பு வட்டம் போடுகிறார், இன்னொருவர் நீலப் புள்ளி வைக்கிறார், இருவரும் குறியின் பெயரை மாற்றவில்லை. குறிகளின் பட்டியலில் 'மின்சாக்கெட்' என்று எதுவுமே தேறாது. தொகுப்பிலிருந்து ஒரே குறியை இருவரும் எடுத்தால், பெயர் கூடவே வரும், வடிகட்டிக் கூட்டிவிடலாம்.

சேமித்த குறியை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்றில் குறி அச்சு அசலாக அப்படியே விழும். சாக்கெட்டுக்கு இதுதான் சரி. மற்றொன்றில் நிறமும் தடிமனும் மட்டும் வரும், வடிவத்தை நாம் வரைவோம். மேகக் கோட்டுக்கு இது வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு இடத்திலும் அதன் அளவு வேறு. கருவியின் படத்தை இரட்டைச் சொடுக்கினால் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்.

அப்புறம், தொகுப்பைப் பிடிஎக்ஸ் (.btx) கோப்பாக ஏற்றுமதி செய்து குழுவில் எல்லோருக்கும் கொடுக்கலாம். குறிகளின் பெயர்களைத் தமிழில் வைப்பதென்றால், கோப்பை அனுப்பும் முன்பே வைத்துவிடுங்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தால் பட்டியல் மறுபடியும் சிதறிவிடும்.