கார் தானாகப் பாய்ந்தது என்றால்: சிங்கப்பூர்க் கார் உரிமையாளருக்கு இருக்கும் வழிகள்

வீவக பேட்டையில் ஒரு கார் திடீரென்று பாய்ந்து தடுப்புச் சுவரில் மோதினால் போதும், அன்று மாலையே தேக்கா காப்பிக் கடையில் இரண்டு கட்சி உருவாகிவிடும். “பிரேக்கைத்தான் மிதிச்சேன் அண்ணே, வண்டி நிக்கவே இல்ல” என்பார் ஓட்டியவர். “பதற்றத்துல கால் மாறியிருக்கும் தம்பி” என்பார் எதிரில் இருப்பவர். இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

இந்த வாதம் முடியட்டும் என்று உரிமையாளர்கள் சும்மா இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். தயாரிப்பிலேயே குறை என்றால், தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் ரீகால் என்கிற வழி இருக்கிறது. வாங்கிய புதிதிலேயே கோளாறு என்றால் லெமன் சட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் காப்பிக் கடைத் தீர்ப்பு தேவையில்லை. தேதி, வண்டி எண், எழுத்தில் கொடுத்த புகார் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

காரா, காலா?

இரண்டுமே நடந்திருக்கின்றன. அதனால்தான் எந்தக் கட்சியும் முழுதாக ஜெயிப்பதில்லை.

1980களில் அமெரிக்காவில் ஆவ்டி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று பெரும் கூச்சல் எழுந்தது. 1989இல் அந்நாட்டின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலும் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலரேட்டரை மிதித்ததே காரணம் என்றது. பிரேக்கை மிதித்தால்தான் கியர் ‘பி’யிலிருந்து நகரும் என்ற ஏற்பாடு இன்று எல்லா ஆட்டோ கார்களிலும் இருப்பது அந்த விவகாரத்துக்குப் பிறகு பரவியதுதான். 2019 ஏப்ரலில் தோக்கியோவின் இக்கெபுக்குரோ வட்டாரத்தில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் மோதி ஒரு தாயும் அவருடைய 3 வயது மகளும் இறந்தார்கள். காரில்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். காரில் குறையில்லை, ஆக்சிலரேட்டரைத் தவறி மிதித்திருக்கிறார் என்று முடிவுசெய்த நீதிமன்றம், 2021இல் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2009 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ அருகே லெக்சஸ் கார் ஒன்று நிற்காமல் ஓடி நால்வர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்ல. அது அவருடைய காரும் அல்ல. தன் காரைச் சர்வீசுக்கு விட்டிருந்ததால் டீலர் கொடுத்த இரவல் கார். வேறொரு மாடலுக்கான தடித்த ரப்பர் மிதியடியை (ஃப்ளோர் மேட்) அதன் தரையில் போட்டிருந்தார்கள், அதன் விளிம்பில் ஆக்சிலரேட்டர் பெடல் சிக்கிக்கொண்டது. அதற்குச் சில நாள் முன்பு அதே காரை இரவல் எடுத்த இன்னொருவருக்கும் இதுவே நடந்திருக்கிறது. அவர் எப்படியோ வண்டியை நிறுத்திவிட்டார். திருப்பிக் கொடுத்தபோது வரவேற்பு மேசையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தை பட்டறைக்குள் போய்ச் சேரவில்லை. புகாரை எழுத்தில் கொடுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

பிறகு, லெக்சஸைத் தயாரிக்கும் டொயோட்டா நிறுவனம் மிதியடிக்காக ஒரு ரீகாலும், 2010 ஜனவரியில் பெடல் மெதுவாக மேலே வருகிறது என்று இன்னொரு ரீகாலும் அறிவித்தது. நாசா பொறியாளர்கள் பத்து மாதம் ஆராய்ந்தார்கள். மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஆனால் 2013இல் ஒக்லஹோமா நடுவர் குழு ஒன்று, மென்பொருள் நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014இல் பாதுகாப்புக் குறை பற்றி வாடிக்கையாளர்களிடம் உண்மையை மறைத்ததற்காக அந்நிறுவனம் அமெரிக்க அரசிடம் 120 கோடி அமெரிக்க டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இது பழங்கதை இல்லை. 2024 ஏப்ரலில் டெஸ்லா தன் சைபர்டிரக் வண்டிகள் 3,878ஐ ரீகால் செய்தது. பெடல் மேல் ஒட்டியிருந்த தகடு கழன்று மேலேறிச் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பது காரணம். பொருத்தும்போது எளிதாக நுழைய சோப்பு தடவியிருந்தார்கள், அதனால் பிடிமானம் குறைந்துவிட்டது. இவ்வளவு சின்ன விஷயம் போதும், பெடல் அடியோடு அழுந்தி நின்றுவிடும்.

ரீகால் எப்படி வரும்

ரீகால் என்பது காருக்கு உரியது, வாங்கியவருக்கு உரியது அல்ல. மூன்றாவது கையாக வாங்கியிருந்தாலும், வாரண்டி எப்போதோ முடிந்திருந்தாலும், அந்தக் குறையை இலவசமாகச் சரிசெய்து தருவதே வழக்கம். செலவு தயாரிப்பாளருடையது. உதிரிபாகம் மாற்றிவிட்டு “லேபர் மட்டும் கட்டுங்க” என்று யாராவது சொன்னால், ரீகால் கடிதத்தை எடுத்துக் காட்டுங்கள்.

சிங்கப்பூரில் இதைக் கவனிப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். வண்டியை இறக்குமதி செய்து விற்ற நிறுவனம், வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத் தகவல் தருகிறது. இங்கேதான் மூன்று இடத்தில் ஓட்டை விழுகிறது. வீடு மாறியவர் முகவரியைப் புதுப்பிக்காமல் இருந்தால் கடிதம் பழைய வீட்டு அஞ்சல் பெட்டியில் கிடக்கும். பேரலல் இம்போர்ட்டில், அதாவது அதிகாரபூர்வ டீலர் வழியாக இல்லாமல் வேறு கடை இறக்குமதி செய்து வந்த கார் என்றால் அந்தக் கடையே மூடியிருக்கலாம், அதிகாரபூர்வ டீலரிடம் உங்கள் பெயரும் இருக்காது. ரீகால் அறிவித்த பிறகு கை மாறிய கார் என்றால், கடிதம் முந்தைய உரிமையாளரோடு நின்றிருக்கும்.

அதனால் கடிதத்துக்குக் காத்திராதீர்கள். ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். கூடவே லாக் கார்டில் (வண்டியின் பதிவு விவரம்) உள்ள சேசிஸ் எண்ணை அந்த பிராண்டின் டீலரிடம் கொடுத்தும் கேட்டுவிடுங்கள். பேரலல் இம்போர்ட் வண்டிக்காரர்கள் இந்த இரண்டாவது வேலையை அவசியம் செய்ய வேண்டும்.

“இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆயிருச்சு, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொந்தக் காருக்கு 3 ஆண்டு முடிந்ததும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் சோதனை உண்டு. அது பிரேக், விளக்கு, டயர், புகை போன்றவற்றின் அன்றைய நிலையைப் பார்ப்பது. ஏர்பேக்கைப் பிரித்துப் பார்ப்பதற்கோ மென்பொருளை அலசுவதற்கோ ஏற்பட்டதல்ல.

ஏர்பேக் என்றதும், அதைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான தக்காட்டா நினைவுக்கு வர வேண்டும். அந்த ஏர்பேக்கை விரிக்கும் மருந்து அம்மோனியம் நைட்ரேட். ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காமல் செய்ததால், வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் ஆண்டுகள் போகப்போக அது கெட்டுப்போய், விபத்தின்போது உலோகக் கூட்டையே வெடித்துச் சிதறடித்தது. மலேசியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. நம் தட்பவெப்பமும் அதுவேதான். வெயிலில் நிற்கும் பழைய காரில் ரீகால் கடிதத்தை டேஷ்போர்டுக்குள் போட்டு வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. அரை நாள் வேலைதான், போய் மாற்றிக்கொண்டு வாருங்கள்.

லெமன் சட்டம்

ரீகால் இல்லை, ஆனால் வாங்கி நாலு மாதத்தில் கார் தானாக வேகமெடுக்கிறது என்றால்? பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தில் சேர்க்கப்பட்டு 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளைத்தான் லெமன் சட்டம் என்கிறோம். பொருளை ஒப்படைத்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், ஒப்படைத்த அன்றே அது இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. ‘காரா, காலா’ என்ற சண்டையில் இது எவ்வளவு பெரிய பலம் என்று யோசியுங்கள். ஆனால் குறை என்று ஒன்று இருக்கிறது என்பதையாவது நீங்கள் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் வீடியோவும் வொர்க்‌ஷாப் அறிக்கையும்.

முதலில் கேட்க வேண்டியது பழுதுபார்த்தல் அல்லது மாற்றித் தருதல். நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய தொல்லை இல்லாமல் விற்றவர் அதைச் செய்யாவிட்டால், விலையில் ஒரு பகுதியைக் குறைக்கவோ, காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கவோ கேட்கலாம். பணம் திரும்பும்போது ஓட்டிய காலத்துக்கு ஒரு தொகை கழியக்கூடும். 6 மாதம் தாண்டினால் உரிமை அற்றுப்போகாது, நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

பழைய காருக்கும் இது பொருந்தும். ஆனால் சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய ஓராண்டே உள்ள காரில் புதுக் காரின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. தேய்மானம், நீங்களே கெடுத்தது, வாங்கும்போதே தெரிந்திருந்த குறை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. தனிநபரிடமிருந்து நேரடியாக வாங்கியதற்கும் இல்லை. உரிமையாளருக்காகக் கடை விற்றுக்கொடுக்கும் கன்சைன்மென்ட் முறையில் இது பலரை மாட்டிவிடுகிறது. கடையில் காரைப் பார்த்து, கடைக்காரரோடு பேரம் பேசி, கடையிலேயே காப்பி குடித்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் யாரோ ஒரு தனிநபரின் பெயர் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

விற்றவர் மசியவில்லை என்றால் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேல் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை, அங்கே கேட்கலாம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, உங்கள் கதையை நீங்களே சொல்ல வேண்டும். பழுதுச் செலவோ விலைக் குறைப்போ இந்த வரம்புக்குள் அடங்கும். முழுக் காரின் விலை பெரும்பாலும் அடங்காது, அதற்கு வேறு நீதிமன்றமும் வழக்கறிஞரும் தேவைப்படும்.

அந்த நொடியிலும் அதற்குப் பிறகும்

வண்டி தானாக வேகமெடுத்தால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பெட்ரோல் காரில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும். பட்டனில் ஓடும் கார்கள் பலவற்றில் ஓடும்போது அணைக்க, பட்டனைச் சில விநாடி தொடர்ந்து அழுத்த வேண்டும். உங்கள் காரில் எப்படி என்பதைக் கையேட்டில் இன்றைக்கே பாருங்கள்.

விபத்தாகிவிட்டால், சேதம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் புகார் செய்ய வேண்டும். கேமராவின் மெமரி கார்டை உடனே கழற்றி வையுங்கள், ஓடவிட்டால் பழைய பதிவு அழிந்துபோகும். பல கார்களில் மோதலுக்கு முந்தைய விநாடிகளில் எந்தப் பெடல் எவ்வளவு அழுந்தியது என்று பதிவாகும் பெட்டி இருக்கிறது. அதைப் படிக்கும் முன் காரைப் பழுதுபார்க்கவோ ஸ்கிராப்புக்கு அனுப்பவோ சம்மதிக்காதீர்கள். அந்தப் பதிவு உங்களுக்கு எதிராகவும் பேசலாம். பேசட்டும், உண்மை தெரிவதுதான் முக்கியம். மிதியடி எப்படிக் கிடந்ததோ அப்படியே படம் எடுங்கள். டீலருக்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் தேதி, வேகம், இடம், பெடல் இருந்த நிலை எல்லாம் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வாடகைக் காரில் தனியார் வாடகை ஓட்டுநராக இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வண்டி உங்கள் பெயரில் இல்லாததால் ரீகால் கடிதம் உங்களுக்கு வராது, வாடகைக்கு எடுத்த பொருளுக்கு லெமன் சட்டமும் இல்லை. ஆனால் நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். சாவியை வாங்கும் நாளிலேயே ரீகால் நிலுவை உண்டா என்று பாருங்கள். இருந்தால் நிறுவனத்துக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேளுங்கள், சரிசெய்ததற்கான ரசீதின் படத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.